சேர்வியலுக்கு ஓர் அத்தியாயம் போதுமா?

சென்ற கோடை விடுமுறையில், ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த என் பேத்தியிடம் ஐந்து புளியங்கொட்டைகளைக் கொடுத்து, அவற்றை எத்தனை விதமாகக் குவியல்களாகப் பிரிக்கலாம் என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தையும் ஒரே குவியலாக விட்டுவிடுவது ஒரு விதம். நான்கும் ஒன்றும் ஒரு விதம். பிறகு மூன்றும் இரண்டும். மூன்றும் இரண்டு ஒற்றைகளும். இரண்டும் இரண்டும் ஒன்றும். இரண்டும் மூன்று ஒற்றைகளும். கடைசியில் ஐந்தும் தனித்தனி. "ஏழு, தாத்தா" என்றாள். "எட்டாவது ஒன்று கிடையாது என்று எப்படிச் சொல்கிறாய், கண்ணு?" என்றேன். சற்று யோசித்துவிட்டுக் கொட்டைகளைக் கலைத்து, இந்தத் தடவை பெரிய குவியலில் தொடங்கிச் சிறியதை நோக்கி ஒழுங்காக இறங்கி வந்தாள். எதுவும் விட்டுப்போகக் கூடாது, எதுவும் இரண்டு முறை வந்துவிடவும் கூடாது என்ற கவலை ஒரு மனத்தில் எழுகிற அந்தக் கணத்திலேயே சேர்வியல் என்கிற சாஸ்திரம் தொடங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கணம் வாய்ப்பதில்லை. பதினோராம் வகுப்புக்கு வந்த பிறகு, வரிசை மாற்றங்கள், சேர்வுகள் என்ற தலைப்பில், என்.பி.ஆர்., என்.சி.ஆர். என்ற இரண்டு சூத்திரங்களாக இந்த விஷயம் அவர்கள் கையில் கொடுக்கப்படுகிறது. ஒரு சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம், பத்துப் பேரில் நால்வர் கொண்ட குழுவை எத்தனை விதமாக அமைக்கலாம் என்ற கணக்குகள் சில போடப்படுகின்றன. தேர்வில் மதிப்பெண் வாங்கியதும் அந்த அத்தியாயம் மூடப்பட்டுவிடுகிறது. முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், நானும் அப்படித்தான் அதைத் திறந்து அப்படித்தான் மூடினேன் என்பதைச் சொல்லிவிட்டே மேலே பேச வேண்டும். பீஜகணிதம், வடிவகணிதம், நுண்கணிதம் ஆகியவை மாளிகைகள் என்றும், எண்ணிப் பார்க்கும் கணக்கு அவற்றின் வாசலில் விளையாடும் சிறுபிள்ளை என்றும் ஓர் எண்ணம் எனக்குக் கல்லூரியிலேயே ஊட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணம் முழுப் பிழை என்பதையும், மாளிகைகளுக்கிடையே போக்குவரத்து நடப்பதே பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் என்பதையும் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் உணர்ந்தேன்.

இந்த நாட்டில் இந்தக் கலை எப்போதுமே வேறு ஏதாவது ஒரு வித்தைக்குத் துணையாகத்தான் வளர்ந்தது. குருவும் லகுவுமாகிய அசைகளால் எத்தனை வகை விருத்தங்கள் அமைக்கலாம் என்று பிங்களரின் சந்த சாஸ்திரம் கேட்டது. அதற்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், இன்று பாஸ்கலின் முக்கோணம் என்று நாம் படிக்கும் எண்ணடுக்கை மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கினார். பதினாறு வாசனைத் திரவியங்களில் நான்கைச் சேர்த்து எத்தனை விதமான பரிமளங்கள் செய்யலாம் என்று கேட்ட வராகமிஹிரர் 1820 என்று விடை சொன்னார். பத்துக் கைகளில் பத்து ஆயுதங்களை மாற்றி மாற்றிப் பிடித்தால் சம்புவுக்கு எத்தனை மூர்த்திபேதங்கள் உண்டாகும் என்று லீலாவதியில் கேட்ட பாஸ்கராசாரியரின் விடை 36,28,800. செய்யுளும் நறுமணமும் சிற்பமும் ஒரே கணக்கில் வந்து கூடுவதை அவர்கள் இயல்பான காரியமாக எடுத்துக்கொண்டார்கள். கணக்கை வகுப்பறைச் சுவர்களுக்குள் தனித்தனி அறைகளாகத் தடுத்துவிட்ட நமக்குத்தான் அது விசித்திரமாகப் படுகிறது.

புளியங்கொட்டைகளுக்குத் திரும்புவோம். ஏழு பிரிவினைகளில், எல்லாக் குவியல்களும் ஒற்றைப்படை எண்ணாக இருப்பவை மூன்று: ஐந்து; மூன்று, ஒன்று, ஒன்று; ஐந்து ஒன்றுகள். எந்த இரு குவியலும் சமமாக இல்லாதவையும் மூன்று: ஐந்து; நான்கு, ஒன்று; மூன்று, இரண்டு. ஐந்துக்குப் பதிலாக ஏழு கொட்டைகளை எடுத்துக்கொண்டால் இதிலும் ஐந்து, அதிலும் ஐந்து. எந்த எண்ணை எடுத்தாலும் இந்தச் சமத்துவம் குலைவதில்லை என்பதை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். ஒரு வகைப் பிரிவினைகளை ஒரு முடிவற்ற பெருக்கமாகவும் மற்ற வகையை இன்னொரு முடிவற்ற பெருக்கமாகவும் எழுதி, மேலும் கீழும் உள்ள காரணிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். இது பீஜகணிதத்தின் வழி. கொட்டைகளின் வழியும் ஒன்று உண்டு: ஒற்றைப்படைக் குவியல்களில் சமமான இரண்டு எங்கே கண்டாலும் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், சமமானவை எவையும் மிஞ்சாதவரை சேர்த்துக்கொண்டே போங்கள். மூன்று, ஒன்று, ஒன்று என்பது மூன்று, இரண்டு ஆகும். ஐந்து ஒன்றுகள் முதலில் இரண்டு, இரண்டு, ஒன்று ஆகிப் பிறகு நான்கு, ஒன்று ஆகும். ஐந்து ஐந்தாகவே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை கிடைத்துவிடுகிறது. திரும்பிப் பிரித்துக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். முடிவற்ற பெருக்கமும் தரையில் நகரும் கொட்டையும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள் என்பதைக் கண்ட அன்று எனக்கு உண்டான ஆனந்தத்தை இன்றும் மறக்கவில்லை.

ஆய்லருக்குப் பிறகு இந்தப் பிரிவினைக் கணக்கை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனவர் நம்மவர். ஐந்துக்கு ஏழு என்றால் பத்துக்கு 42, நூறுக்கு 19,05,69,292. இருநூறு வரைக்கும் உள்ள எண்ணிக்கைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை இட்டவர் மேஜர் மக்மஹோன் என்னும் ஆங்கிலேயர். அவர் இளமையில் பீரங்கிப் படை அதிகாரியாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டிருந்தவர் என்பது தற்செயலாயினும் சொல்லத்தக்கது. ஏனெனில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு 1914-இல் கேம்பிரிட்ஜுக்குப் போன ஸ்ரீநிவாஸ ராமானுஜன், அங்கே ஹார்டி என்னும் கணித அறிஞரோடு கூடி உழைத்து, 1918-இல் வெளியிட்ட சூத்திரம் சரிதானா என்று பார்க்க உரைகல்லாக நின்றது அந்த மக்மஹோனின் எண்தான். இருநூறுக்கு அவர் கண்ட எண் 39,72,99,90,29,388. ராமானுஜனும் ஹார்டியும் தங்கள் சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டிக் கண்டதும் அதே எண், கடைசியில் ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டும் மிகுதியாக.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். அந்தச் சூத்திரத்துக்குள் வட்டத்தின் சுற்றளவையும் விட்டத்தையும் பிணைக்கும் 'பை' என்ற எண் உட்கார்ந்திருக்கிறது, வர்க்கமூலங்கள் உட்கார்ந்திருக்கின்றன, தொடர்ந்து வளரும் பொருள்களைப் பற்றிய நுண்கணிதத்தில் பழகும் அடுக்குக்குறிச் சார்பு உட்கார்ந்திருக்கிறது. முழுசாகக் கிடக்கும் கொட்டைகளை முழுசாகவே பிரிக்கும் இந்தக் காரியத்தில் வட்டம் எங்கிருந்து வந்தது? ஆய்லரின் முடிவற்ற பெருக்கத்தைக் கலப்பெண்களின் தளத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் எல்லை வட்டம் தோன்றுகிறது. அந்த வட்டத்தை உள்ளிருந்து நெருங்கும்போது பெருக்கம் எங்கெங்கே எப்படிக் கட்டுமீறுகிறது என்பதை அளந்தால், அந்த அளவுகளே பிரிவினைகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகின்றன. வட்ட முறை என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற இந்த உபாயத்தைக் கொண்டே, போதுமான அளவு பெரிய ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றையும் மூன்று பகா எண்களின் கூட்டாக எழுதலாம் என்று 1937-இல் வினோகிராடோவ் நிரூபித்தார். கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையின் மனத்தைக் கவர்ந்த எண்ணல் கணக்கு ஒன்று, பகா எண்களின் கோட்டைக்கே திறவுகோல் ஆயிற்று.

ராமானுஜன் மக்மஹோனின் அட்டவணையில் இன்னொன்றையும் கண்டார். நான்குக்குப் பிரிவினைகள் ஐந்து, ஒன்பதுக்கு 30, பதினான்குக்கு 135, பத்தொன்பதுக்கு 490, இருபத்துநான்குக்கு 1575. எல்லாம் ஐந்தால் வகுபடுகின்றன. நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எந்த எண்ணுக்கும் இது பொருந்தும் என்று அவர் நிரூபித்தார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதுபோன்ற விதிகளைக் கண்டார். நிரூபணங்கள் பெருக்கல் கோவைகளின் வழியாக வந்தவை. உண்மை என்று அவை சொல்லின, ஏன் என்று சொல்லவில்லை. ஐந்தால் வகுபடுகிறது என்றால் அந்தப் பிரிவினைகளைச் சமமான ஐந்து கூட்டங்களாக யாராவது பிரித்துக் காட்ட வேண்டாமா? இந்தக் கேள்வியை, பிற்காலத்தில் பௌதிக சாஸ்திரியாகப் புகழ் பெற்ற ஃப்ரீமன் டைசன், கேம்பிரிட்ஜ் மாணவர்களின் 'யுரேக்கா' என்ற பத்திரிகையில், 1944-இல், தமது இருபதாம் வயதில் எழுப்பினார். ஒரு விடையையும் ஊகித்தார். மிகப் பெரிய குவியலின் அளவிலிருந்து குவியல்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள் என்றார். நான்கு கொட்டைகளை எடுத்துப் பார்க்கலாம். ஒரே குவியலாக நான்கு: நான்கில் ஒன்று போக மூன்று. மூன்றும் ஒன்றும்: மூன்றில் இரண்டு போக ஒன்று. இரண்டும் இரண்டும்: சூனியம். இரண்டு, ஒன்று, ஒன்று: குறை ஒன்று. நான்கு ஒன்றுகள்: குறை மூன்று. இவற்றை ஐந்தால் வகுத்து மீதியைப் பார்த்தால் மூன்று, ஒன்று, சூனியம், நான்கு, இரண்டு. ஐந்து மீதிகளும் ஆளுக்கொன்றாக வந்துவிட்டன! ஐந்துக்கும் ஏழுக்கும் இந்த ஊகம் என்றென்றைக்கும் பலிக்கும் என்று 1954-இல் ஆட்கினும் ஸ்வின்னர்டன்-டயரும் நிரூபித்தார்கள். பதினொன்றுக்கு இது பலிக்காது என்பது டைசனுக்கே தெரிந்திருந்தது. பலிக்கும்படியான வேறோர் அளவு எங்கோ மறைந்திருக்கிறது என்று சொல்லி, இன்னதென்று அறியாத அந்த அளவுக்கு 'கிராங்க்' என்ற பெயரை மட்டும் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போனார்.

இதே பிரிவினைகளுக்குச் சமச்சீரின் உலகத்திலும் வேலை இருக்கிறது. ஒரு பிரிவினையைக் கட்டங்களின் வரிசைகளாக வரைந்து, அக்கட்டங்களில் ஒன்று முதல் நான்கு வரை எண்களை, வலமாகவும் கீழாகவும் போகப் போக வளரும்படி நிரப்புங்கள். நான்கின் ஐந்து பிரிவினைகளுக்கும் நிரப்பும் வழிகள் முறையே ஒன்று, மூன்று, இரண்டு, மூன்று, ஒன்று. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 24. நான்கு வேறு வேறு பொருள்களை வரிசை மாற்றும் வழிகளும் 24. இது எதேச்சையாக நேர்ந்ததன்று. வரிசை மாற்றங்களின் குலம் எந்தெந்தப் பரிமாணங்களில் பிரிக்க முடியாத உருவம் எடுக்கும் என்பதற்கு அந்த ஐந்து எண்களே விடை. எஸ்ஸெக்ஸில் ஒரு கிராமத் தேவாலயத்தின் குருவாக வாழ்ந்த ஆல்ஃப்ரெட் யங் வகுத்த இந்தக் கட்டங்களின் சந்ததி வெகுதூரம் பரவிற்று. அதன் ஒரு கிளை நம் ஊரிலும் தழைத்தது. காஞ்சிபுரத்தில் 1932-இல் பிறந்து, சென்னைக் கணிதக் கழகத்தை நிறுவிய சி. எஸ். சேஷாத்ரி, லட்சுமிபாய், முசிலி ஆகியோருடன் கட்டியெழுப்பிய கொள்கையில், உயர் பரிமாண வடிவங்களின் மேல் வாழும் சார்புகளை இப்படிப்பட்ட கட்ட அட்டவணைகளைக் கொண்டே எண்ணிவிடலாம். வடிவகணிதத்தின் அதிசூட்சுமமான கேள்விக்குப் பள்ளிப் பிள்ளை நிரப்பக்கூடிய கட்டங்கள் விடை சொல்கின்றன என்றால், எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற வழக்குக்கே இடமில்லை.

கடன் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் இருவர் இருவராகச் சேர்ந்தால் பத்து ஜோடிகள். ஒரே பட்டியலில் வரும் எந்த இரு ஜோடிக்கும் பொதுவாக ஓர் ஆள் இருக்கும்படி அவற்றைப் பட்டியல்களாகப் பிரிக்க வேண்டுமானால் மூன்று பட்டியல்கள் போதும்: முதலாமவர் உள்ளவை ஒன்று, மிச்சத்தில் இரண்டாமவர் உள்ளவை ஒன்று, எஞ்சிய மூவருக்குள் அமைந்தவை ஒன்று. இரண்டால் முடியாது என்பதையும் கையால் சோதித்துவிடலாம். ஆனால் ஐந்து என்பது ஐயாயிரமாகவும், ஜோடி என்பது நூற்றுவர் கூட்டமாகவும் ஆனால்? க்னேசர் 1955-இல் கேட்ட இந்தக் கேள்வி இருபத்துமூன்று ஆண்டுகள் கிடந்தது. லோவாஸ் 1978-இல் அதை இடவியலைக் கொண்டு தீர்த்தார். பூமியில் நேரெதிரான இரண்டு இடங்களிலாவது வெப்பமும் காற்றழுத்தமும் இந்தக் கணத்தில் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்லும் தேற்றத்தின் உயர்பரிமாண வடிவமே அவருக்கு ஆயுதம். மறுபக்கமோ, எந்த வட்டத்தகட்டையும் கிழிக்காமல் அதற்குள்ளேயே எப்படி மாற்றி வைத்தாலும் ஒரு புள்ளி அசையாமல் நிற்கும் என்ற ப்ரௌவரின் இடவியல் தேற்றத்தை, முக்கோணத்தைச் சிறு முக்கோணங்களாகக் கூறிட்டு மூலைகளுக்கு மூன்று நிறம் பூசி எண்ணியே பெறலாம் என்பதற்கு ஸ்பெர்னர் 1928-இல் வழி செய்துவிட்டார். கூட்டுத்தொடர்களைப் பற்றிய செமெரெடியின் 1975-ஆம் ஆண்டுத் தேற்றமும், அதன் மேல் நின்று பகா எண்களுக்குள் எவ்வளவு நீளமான கூட்டுத்தொடரும் உண்டு என்று க்ரீனும் டாவோவும் 2004-இல் காட்டியதும், ஒரு வரைபடத்துக்கு நிறம் பூசும் வழிகளை எண்ணும் கோவைகளின் கெழுக்கள் ஏறி இறங்கும் விதத்தை இயற்கணித வடிவியலால் விளக்கிய ஜூன் ஹூ 2022-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றதும் இதே போக்குவரத்தின் அடையாளங்கள்.

சேர்வியலில் கோட்பாடு இல்லை, தந்திரங்கள்தான் உண்டு, ஒரு கணக்குக்கு உதவியது அடுத்த கணக்குக்கு உதவாது என்று சொல்பவர்கள் உண்டு. என் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் அதைத்தான் சொன்னார், அவர் நல்லாசிரியர், ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது பொருந்தாது. இத்துறையின் பொதுக்கொள்கைகள் தேற்றங்களின் வாசகத்தில் எழுதி வைக்கப்படாமல் முறைகளுக்குள் கரைந்திருக்கின்றன. ஒரு பொருள் உண்டு என்று காட்ட அதைக் கட்டிக்காட்டத் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அது கையில் அகப்படும் வாய்ப்புச் சூனியமன்று என்று காட்டினாலே போதும் என்று ஏர்தேஷ் 1947-இல் கையாண்ட யுக்தி, இன்று கணினி விஞ்ஞானம் முழுவதிலும் புழங்குகிறது. அதைத் தந்திரம் என்பதானால், எதைத்தான் கோட்பாடு என்பது?

ஆகையால் நான் வேண்டுவது இதுதான். எண்ணும் கணக்கைப் பதினோராம் வகுப்பின் ஓர் அத்தியாயத்தில் அடைத்து வைக்காமல், ஆறாம் வகுப்பிலேயே, சூத்திரம் ஒன்றும் சொல்லாமல், விதைகளையும் கட்டங்களையும் கையில் கொடுத்துத் தொடங்க வேண்டும். பிரிவினைகளை எண்ணட்டும், விட்டுப்போனதைத் தேடட்டும், இரண்டு கூட்டங்கள் சமம் என்பதை எண்ணாமலேயே ஜோடி சேர்த்துக் காட்டட்டும். பீஜகணிதம் வரும்போது அதே பிரிவினைகளைப் பெருக்கல் கோவையாக எழுதிக் காட்டினால், எழுத்துகளைப் பெருக்குவது எதற்காக என்று கேட்டுத் தவிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விடையாவது கிடைக்கும். கல்லூரியில் இது விருப்பப் பாடமாக ஒதுங்கி நிற்காமல், இயற்கணிதத்தோடும் பகுப்பாய்வோடும் சமமாக அமர்ந்து, அவற்றின் ஆசிரியர்களோடு பேசும் பாடமாக வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை, ஆய்வுக்கூடம் தேவையில்லை, நேரம் கொடுக்கும் மனம்தான் தேவை. வாரத்தில் இரண்டு வகுப்புகளை இதற்கென விட்டால், தேர்வுக்கான பாடம் தேங்கிவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதை நான் அறிவேன். அந்த அச்சத்திலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது.

விடுமுறை முடிவதற்கு முதல் நாள் பேத்தியிடம் ஆறு கொட்டைகளைக் கொடுத்தேன். முதலில் பத்து என்றாள். இரவு படுக்கப் போனவள் எழுந்து வந்து, "தாத்தா, ரெண்டு ரெண்டு ரெண்டு விட்டுப்போச்சு, பதினொண்ணு" என்றாள். காலையில் டைசனின் கழித்தலைச் சொல்லிக்கொடுத்து, பதினொன்றுக்கும் பதினொரு வேறு வேறு மீதிகள் வருகின்றனவா பார் என்றேன். வெகு நேரம் எழுதிக்கொண்டிருந்தாள். "நாலு, ஒண்ணு, ஒண்ணு போட்டா ஒண்ணு வருது. மூணு, மூணு போட்டாலும் ஒண்ணுதான் வருது. இது சரியா வரல, தாத்தா" என்றாள். 1944-இல் டைசன் நின்றதும் அதே இடத்தில்தான். ஆண்ட்ரூஸும் கார்வனும் 1988-இல் அந்தக் கிராங்கைக் கண்டுபிடித்து வெளியிடும்வரை அங்கிருந்து அப்பால் போக வழி இருக்கவில்லை. "ஒற்றைக் கொட்டைகளைத் தனியாக எண்ணிப் பாரம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒற்றைகளை ஒரு பக்கமாக ஒதுக்கத் தொடங்கினாள்.